வேலை முடிந்து வந்தால் மாலை முழுக்கக் கார்தான். எப்படி ஓட்டுகிறீர்கள்?

ஜன்னலோரம்:

என் மகளுக்கு இரண்டே கால் வயது. கார் என்றால் உயிர். காரோடு நிற்கவில்லை, லாரி, பஸ், ரோடு ரோலர், ஜேசிபி, சக்கரம் வைத்த எதைப் பார்த்தாலும் "டுர்ர்" என்று கை நீட்டுவாள். கணவருக்கு மாலை ஷிஃப்ட், அதனால் வாரநாள்களில் காப்பகத்திலிருந்து அழைத்து வருவது தொடங்கித் தூங்க வைப்பது வரை நான் மட்டும்தான். ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைகிறோம், எட்டரைக்கு அவள் படுத்தாக வேண்டும், அதற்குள் சமையல், சாப்பாடு, குளியல், மறுநாளைக்குத் துணி எடுத்து வைப்பது, சில நாள் அலுவலகத்திலிருந்து ஒரு போன், எல்லாமே இருக்கிறது.

கதவைத் திறந்ததும் நேராகக் கார் டப்பாவிடம் ஓடுவாள். டப்பாவைக் கவிழ்ப்பாள். அப்புறம் "அம்மா உக்காரு". எனக்கு எப்போதும் நீலக் கார், அவளுக்குச் சிவப்பு. அவள் முன்னால் ஓட்டிக்கொண்டு போவாள், நான் பின்னாலேயே போக வேண்டும், முந்தக் கூடாது. எழுந்து சமையலறைக்குப் போனால் காலைக் கட்டிக்கொண்டு அழுகை, வீடே இரண்டாகிவிடும். காப்பகத்தில் கேட்டால் நாள் முழுக்கச் சமர்த்தாக இருந்தாள் என்கிறார்கள். இவ்வளவும் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

இன்னும் சில விஷயங்கள் மனதை அரிக்கின்றன. கார்களைச் சுவரோரமாக வரிசையாக நிறுத்துகிறாள், ஒன்றை நகர்த்தினாலும் கோபம் வருகிறது. அதைப் பார்த்த உறவுக்காரர் ஒருவர் "ஆட்டிசமா இருக்கப் போகுது, டாக்டர்கிட்ட காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார், அன்றிலிருந்து அவள் வரிசை வைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பெண் குழந்தைக்கு எதற்கு இத்தனை கார் என்று கேட்டவரும் உண்டு, அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சமைக்கும்போது போனில் கார் வீடியோ போட்டுக் கொடுத்தால் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

எனக்கும் அவளுக்கும் சேர்ந்தாற்போலக் கிடைப்பது இந்த இரண்டு மணி நேரம்தான். அதை "இரு, இதோ வரேன்" என்று சொல்லியே கழிக்க எனக்கு மனமில்லை. இதே வயதில் வண்டி வண்டி என்று இருக்கிற குழந்தையை வளர்க்கிறவர்கள், கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.


பின்சீட்டு:

வணக்கம் சகோதரி. என் பையனுக்கு இப்போது நான்கு வயது. இரண்டு வயதில் அச்சு அசல் இப்படித்தான் இருந்தான், மனைவி வெளியூரில் வேலை பார்த்ததால் மாலை நேரம் முழுக்க என் பொறுப்பு. எங்கள் வீட்டில் பலித்த வழி ஒன்றுதான். முதலில் பிள்ளை, அப்புறம்தான் அடுப்பு.

வந்ததும் கைகால் கழுவிவிட்டு இருபது நிமிடம் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒரு கண் போனிலும் ஒரு கண் காரிலுமாக உட்கார்ந்தால் குழந்தைக்கு உடனே தெரிந்துவிடும், அப்போது இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அவள் சொல்கிறபடி நீலக் காரைப் பின்னாலேயே ஓட்டுங்கள், நீங்களாக விளையாட்டை மாற்ற வேண்டாம். அந்த நேரம் முழுசாகக் கிடைத்துவிட்டால் பெரும்பாலான நாள்களில் குழந்தையே கொஞ்சம் விலகித் தனியாக ஓட்டத் தொடங்கும். அந்த இடைவெளியில் எழுந்துகொள்ளுங்கள், சொல்லாமல் நழுவாதீர்கள். "அம்மா சமைக்கப் போறேன், நீ ரோட்டுல வா" என்று சொல்லிவிட்டே போங்கள்.

ரோடு என்று சொன்னேனே, அதுதான் அடுத்தது. மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்குங்கள். ஹாலிலிருந்து சமையலறை வாசல் வரை தரையில் இரண்டு கோடாக ஒட்டினால் சாலை ஆகிவிடும். வாசலுக்கு இந்தப் பக்கமே, அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, நீங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நான்கைந்து கட்டம் போட்டுவிடுங்கள், அது பார்க்கிங். சாலை உங்களிடமே வந்து முடிவதால் அவளுக்கு உங்களை விட்டுப் பிரிந்த மாதிரி இருக்காது. அடுப்பு எரிகிறபோது கோட்டைத் தாண்டி எந்த வண்டியும் வரக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். என் பையன் அந்தக் கோட்டில் சிக்னல் மாதிரி நின்று மற்ற கார்களைத் தடுப்பான், அவனுக்கு அது பெரிய உத்தியோகம்.

அட்டைப் பெட்டியை வெட்டிச் சோபாவில் சாய்த்து வைத்தால் சறுக்குப்பாதை. இதற்கு நான் கேரண்டி. ஒரே காரை மேலிருந்து விட்டு, ஓடி எடுத்து வந்து, மறுபடி விட்டு, அதிலேயே குழந்தை மூழ்கிவிடும். உயரத்தை மாற்றினால் கார் போய் நிற்கிற தூரமும் மாறும், துண்டு விரித்த தரையில் சீக்கிரம் நின்றுவிடும், வெறும் தரையில் வெகுதூரம் போகும். இரண்டு வயதில் அதைச் சொல்லத் தெரியாது, ஆனால் கொஞ்ச நாளில் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே அங்கே பார்ப்பார்கள். அந்தப் பார்வையைக் கவனியுங்கள், அவ்வளவு அழகாக இருக்கும்.

குளிக்க வர மறுத்தால் "கார் வாஷ்". பிளாஸ்டிக் கார்களுக்கு ஒரு ஸ்பாஞ்சு, ஒரு குவளைத் தண்ணீர். உலோகக் கார்களைக் கொண்டுபோக வேண்டாம், அச்சுக்கம்பி துருப்பிடித்துச் சக்கரம் இறுகிவிடும். உள்ளே தண்ணீர் தேங்குகிற மாதிரி ஓட்டை இருக்கிற பொம்மைகளும் வேண்டாம், உள்ளே பூஞ்சை பிடிக்கும்.


மணல்வீடு:

நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள்தான் என் பிரிவு. முதலில் அந்த வீட்டு அழுகையைப் பற்றி. பகலில் எங்களிடம் சமர்த்தாக இருக்கிற பிள்ளை மாலையில் அம்மாவைப் பார்த்ததும் உடைந்து அழுவது ரொம்பவே வழக்கம். நாள் முழுக்கக் காத்திருந்து, பங்கு போட்டு, சத்தத்துக்கு நடுவில் இருந்து களைத்துப் போயிருக்கும். எங்கே அழுதால் தாங்குவார்களோ அங்கே அழுகிறது. உங்களிடம் அழுவதை உங்கள் வளர்ப்பின் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து வரிசை. வரிசையாக அடுக்குவது இந்த வயதில் எங்கள் அறையில் தினமும் நடக்கிறது, காராக இருந்தாலும் கட்டையாக இருந்தாலும் செருப்பாக இருந்தாலும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துதான் பிள்ளைகள் உலகத்தை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்கிறார்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே, இப்படி மனதில் பதிகிற ஒழுங்குக்கு ஸ்கீமா என்று பெயர் வைத்தார். ஒன்றின் பக்கத்தில் ஒன்று, முன்னால் பின்னால், பெரிசு சிறிசு, எல்லாம் அந்த வரிசைக்குள்தான் நடக்கிறது. அதை வைத்து மட்டும் யாரும் ஆட்டிசம் என்று சொல்லிவிட முடியாது.

வேறு சிலவற்றைச் சேர்த்துப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? பிடித்ததை விரல் நீட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா? நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்கிறாளா? இரண்டு சொல் சேர்த்துப் பேசத் தொடங்கிவிட்டாளா? முன்பு பேசிய சொற்களை விட்டுவிடவில்லையே? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் "டுர்ர்" என்று கை நீட்டிக் காட்டுகிறாள், "அம்மா உக்காரு" என்கிறாள், உங்களுக்கென்று ஒரு காரைக் கொடுத்து விளையாட்டில் இடமும் தருகிறாள். எனக்கு இதெல்லாம் நல்ல அறிகுறிகளாகத்தான் தெரிகின்றன. ஆனாலும் திரையில் படித்துவிட்டு யாரும் முடிவு சொல்லக் கூடாது. 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் பரிசோதனை செய்யலாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் பரிந்துரை. உங்கள் மகளுக்கு அது நடக்கவில்லை என்றால் வழக்கமாகப் பார்க்கிற குழந்தை மருத்துவரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள். வயிற்றைக் கலக்கிக்கொண்டு இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இந்தக் கார் மோகத்தைப் பற்றி ஆய்வே இருக்கிறது. உளவியலாளர் ஜூடி டிலோச்சும் அவருடைய குழுவும் 2007இல் வெளியிட்டார்கள். சிறு குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏதோ ஒன்றின் மேல் இப்படித் தீவிரமான ஈடுபாடு இருப்பதாகப் பெற்றோர் சொன்னவற்றிலிருந்து கண்டார்கள், அதில் வண்டிகளுக்குத் தனி இடம். ஆண் குழந்தைகளிடம் அதிகம், ஆனால் பெண் குழந்தைகளிடமும் உண்டு. ஆகவே உங்கள் மகள் விசித்திரமும் இல்லை, அவளுக்குக் காரை மறுக்கக் காரணமும் இல்லை.

பேச்சை வளர்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. எல்லாமே "டுர்ர்" என்கிறாள் அல்லவா, திருத்த வேண்டாம், கூட ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். "டுர்ர்" என்றால் "ஆமா, பெரிய லாரி". "லாரி" என்றால் "லாரி மேல ஏறுது". கேள்வியாகக் கேட்டுத் துளைக்காதீர்கள், இது என்ன கலர், அது என்ன கலர் என்று பரீட்சை வைத்தால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். நடப்பதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், அவள் பதில் சொல்ல நேரம் வேண்டும். மேலே, கீழே, வேகமா, மெதுவா, உள்ளே, முன்னாடி, இதெல்லாம் காரை வைத்துச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி வேறெதை வைத்தும் சொல்லிக்கொடுக்க முடியாது.


தனிவழி:

நான் தனியாக மகனை வளர்க்கிறேன். பின்சீட்டு அண்ணா சொன்னதில் பாதிதான் என்னால் ஒத்துக்கொள்ள முடிகிறது. ஆறரைக்கு வீட்டுக்கு வருகிற குழந்தை பசியோடு வரும். பசித்த பிள்ளையோடு இருபது நிமிடம் கார் ஓட்டினால் இருபத்தோராவது நிமிடம் அழுகைதான். வழியிலேயோ வந்த உடனேயோ ஏதாவது கொஞ்சம் கையில் கொடுத்துவிடுங்கள், அதற்கு அப்புறம் தரையில் உட்காருங்கள். மாலையில் புதிதாகச் சமைப்பதை முடிந்த அளவு குறைத்துவிடுங்கள், விடுமுறை நாளில் பாதி வேலையை முடித்து வைத்துவிட்டால் வாரநாளில் சூடு பண்ணினால் போதும். மாலைச் சாப்பாடு எளிமையாக இருந்தால் குழந்தைக்கு எந்த நஷ்டமும் இல்லை, அம்மா பக்கத்தில் இல்லாமல் போவதுதான் அதற்குப் பெரிசு.

வீடியோ பற்றி. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. வேறு ஆள் இல்லாத வீட்டில், கொதிக்கிற பாத்திரத்தை இறக்கும்போது குழந்தை ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு. உலக சுகாதார அமைப்பு 2019இல் கொடுத்த வழிகாட்டுதலில் இரண்டு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றுதான் இருக்கிறது. பதினைந்து நிமிடம் பார்த்ததற்காகக் குற்ற உணர்ச்சியில் மாலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போனைக் கையில் கொடுக்காதீர்கள். கையில் இருக்கிற பொருளைப் பிடுங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? எட்டாத இடத்தில் வைத்துக் காட்டுங்கள், டிவி இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவிடுங்கள், அதுதான் மூல காரணம். ஒரு வீடியோ ஓடி, தானே முடிந்து, திரை அணைந்தால் முடித்தது நீங்கள் ஆகமாட்டீர்கள். வெட்டி வெட்டி ஓடுகிற, கத்துகிற பொம்மைப் பெட்டி திறக்கும் வீடியோக்கள் வேண்டாம். நிஜமான ஜேசிபி மண் அள்ளுவதை மெதுவாகக் காட்டுகிற வீடியோக்கள் இருக்கின்றன, என் மகன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் செய்து காட்டுவான்.


மணல்வீடு:

தனிவழி சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை, ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எட்டரைக்குத் தூங்க வேண்டிய குழந்தைக்கு ஏழரைக்கு மேல் எந்தத் திரையும் வேண்டாம். கண்ணில் படுகிற வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோன் சுரப்பதைத் தள்ளிப்போடும். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 மணி நேரமாவது தூக்கம் வேண்டும், காலையில் சீக்கிரம் எழுப்பிக் கிளப்புகிற வீடுகளில் முதலில் அடி வாங்குவது அதுதான்.


திருகாணி:

பொம்மைகளைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து இன்றைக்கே அந்தக் கார் டப்பாவைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

உள்ளங்கையில் அடங்குகிற உலோகக் கார்கள் பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேல் என்று அச்சிட்டுத்தான் வரும். காரணம் கார் இல்லை, சக்கரம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மைகளுக்கு நாங்கள் ஓர் உருளையை வைத்துச் சோதிப்போம், அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். எந்தத் துண்டு அதற்குள் முழுசாக அடங்கிவிடுகிறதோ அது தொண்டையை அடைக்கக் கூடியது என்று கணக்கு. கழன்ற சக்கரமும் டயரும் அதற்குள் சுலபமாக அடங்கிவிடும். சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், ஆடுகிறது என்றால் அந்தக் காரை எடுத்துவிடுங்கள், எவ்வளவு பிடித்த காராக இருந்தாலும் சரி. பெயின்ட் உரிகிற பழைய கார்களும் வேண்டாம், யாரோ கொடுத்த பல வருடத்துப் பொம்மைகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கக்கூடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, விளக்கு எரிகிற, ஹாரன் அடிக்கிற கார்களும் அவற்றின் ரிமோட்டும். அவற்றில் சிலவற்றில் நாணயம் போன்ற தட்டையான லித்தியம் பேட்டரி இருக்கும். அதை விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் உடல் ஈரத்தில் மின்சாரம் ஓடி, பேட்டரியைச் சுற்றி வீரியமான காரப்பொருள் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும், விரலால் திறக்கிற மூடி உள்ள பொம்மை வீட்டுக்குள்ளேயே வேண்டாம். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். இதை நான் எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

கார் பிரியருக்கு நிஜக் காரும் பிடிக்கும். சாவியை அவளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், நிறுத்திய காரைப் பூட்டியே வையுங்கள், விளையாட ஏறி உள்ளே மாட்டிக்கொள்கிற குழந்தைகள் உண்டு. வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு முன் குழந்தை எங்கே என்று கண்ணால் பார்த்துவிட்டு எடுங்கள்.

இவ்வளவும் பயமுறுத்தச் சொல்லவில்லை. எனக்கு இந்தச் சின்னக் கார்களின் மேல் தனிப் பிரியம் உண்டு. பள்ளிக்குத் தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி இருந்ததால் ஜாக் ஓடெல் என்ற பொறியாளர் தன் மகளுக்காகச் செய்த குட்டி ரோடு ரோலரிலிருந்துதான் மேட்ச்பாக்ஸ் கார்கள் வந்தன என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற கதை. 1953இல் அவை விற்பனைக்கு வந்தன. பெண் குழந்தைக்குக் கார் எதற்கு என்று அடுத்த முறை யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.


ஜன்னலோரம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கூப்பிட்டால் திரும்புகிறாள், விரல் நீட்டிக் காட்டுகிறாள், நான் போன் பேசுவது போலப் பேசிக் காட்டுகிறாள், அதைப் படித்தபோதே மனசு லேசானது. இருந்தாலும் மருத்துவரிடம் நேரம் கேட்டுவிட்டேன். டப்பாவையும் கொட்டிப் பார்த்தோம், ஆடுகிற சக்கரம் உள்ளவற்றை அவள் தூங்கிய பிறகு எடுத்து வைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். டப்பாவில் நிறையக் கார்கள் இருக்கின்றன, யார் வந்தாலும் கார்தான் வாங்கி வருகிறார்கள். எல்லாவற்றையும் வெளியே வைக்கலாமா? அப்புறம், விளையாட்டை நிறுத்திப் படுக்கைக்கு அழைத்துப்போவது எப்படி? "அஞ்சு நிமிஷம்" என்று சொன்னால் அவளுக்குப் புரிவதே இல்லை. அலுவலக போனுக்கும் யாராவது வழி சொன்னால் புண்ணியம்.


மணல்வீடு:

ஐந்து நிமிடம் என்பது இரண்டு வயதுக்குப் புரியாது. எண்ணக் கூடிய ஒன்றாகச் சொல்லுங்கள். "இன்னும் மூணு தடவை சறுக்கலாம்" என்று விரல் காட்டி, ஒவ்வொன்றாக மடக்குங்கள். மூன்று என்று சொன்னால் மூன்றோடு நிறுத்த வேண்டும், நான்காவது ஒருமுறை கொடுத்துவிட்டால் அடுத்த நாள் அந்த எண்ணுக்கு மதிப்பு இருக்காது. முடிந்ததும் கார்களுக்கும் இருட்டிவிட்டது, அவையும் வீட்டுக்குப் போகட்டும் என்று செருப்புப் பெட்டியில் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லுங்கள். வரிசை பிடிக்கும் குழந்தை அல்லவா, அவள் பாணியிலேயே நிறுத்தட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அழுதால் அழட்டும், "இன்னும் ஓட்டணும்னு ஆசையா இருக்கு, நாளைக்கு ஓட்டலாம்" என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் இருங்கள். படுக்கைக்கு ஒரே ஒரு வண்டி, துணியில் தைத்ததோ கழலக் கூடிய பாகம் இல்லாததோ. எது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

எண்ணிக்கை பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. நான்கு பொம்மை மட்டும் இருந்த அறையில் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள், பதினாறு இருந்தபோது அப்படி இல்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். ஐந்தாறை வெளியே வைத்துவிட்டு மற்றவற்றை அலமாரியில் போடுங்கள், கொஞ்ச நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், புதுக் கார் வந்தது போலக் கொண்டாடுவாள். சிவப்பும் நீலமும் மட்டும் எப்போதும் வெளியிலேயே இருக்கட்டும்.


பின்சீட்டு:

போனுக்கு என் வழி. குழுவில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காலண்டரில் ஆறரையிலிருந்து எட்டரை வரை இல்லை என்று போட்டுவிட்டேன், எட்டரைக்கு அப்புறம் கூப்பிடலாம் என்றும் எழுதினேன். தவிர்க்கவே முடியாது என்றால் மெசேஜ் போடுங்கள், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உண்மையிலேயே அன்றைக்கே முடிய வேண்டிய விஷயம் எப்போதாவதுதான் வருகிறது. அப்படி வரும் நாளுக்கென்று அலமாரியில் ஒரு பெரிய வண்டியைத் தனியாக வைத்திருங்கள், எங்கள் வீட்டில் அது மண் கொட்டுகிற டிப்பர் லாரி. மற்ற நாள் அது வெளியே வராது, அழைப்பு வருகிற நாளில் மட்டும்தான். அதனாலேயே நான் பேசி முடிக்கிற வரை பையன் அதை விட்டு நகர மாட்டான்.


ஜன்னலோரம்:

காலண்டரில் இப்போதே போட்டுவிட்டேன். அலமாரிக்கு அவளுடைய ஜேசிபி போகிறது.